கொசு, உண்ணி, தெள்ளு: கடிக்கும் இடத்தைவிட பிறக்கும் இடம் முக்கியம்

பங்குனி உத்திரத்துக்குச் செட்டிகுளம் மலையேறி, கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போதே வெயில் சுள்ளென்று பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு நாலைந்து மாதத்துக்கு இந்தப் பக்கத்துத் திண்ணைகளில் கேட்கும் புலம்பல் ஒன்றுதான். "ராத்திரி கொசு தூங்க விடமாட்டேங்குது. நாய் படுத்த இடத்துல உண்ணி சுவரேறுது. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தா கால் பூரா ஏதோ சுருக்சுருக்குன்னு கடிக்குது."

இதற்கு நாம் செய்வதும் ஒன்றுதான். கடைக்குப் போய் ஒரு கொசுவத்திச் சுருள், ஒரு பாட்டில் பூச்சி மருந்து. ஊராட்சிக்குப் போன் போட்டு, "புகை அடிக்க வரமாட்டீங்களா?" என்று ஒரு கேள்வி. புகை வருகிறது, போகிறது. ஒரு வாரத்தில் கொசு திரும்ப வந்துவிடுகிறது.

காரணம் எளிது. புகையும் சுருளும் அந்த நேரத்தில் பறக்கிற கொசுவை மட்டும்தான் தொடும். கொசு பிறப்பது தண்ணீரில். நாயுண்ணி முட்டையிடுவது சுவர் வெடிப்பில். தெள்ளுப்பூச்சி வளர்வது தரைத் தூசியில். இவை தவிர, வயல் வரப்பில் கண்ணுக்கே தெரியாத நாலாவது ஒன்று இருக்கிறது. அது கடித்தால் வலிக்காது, ஆனால் நாலிலும் நம் விவசாயக் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது அதுதான். முதலில் வீட்டுக்குள் இருந்து தொடங்குவோம்.

தண்ணீர் பிடித்து வைக்கும் வீட்டில்

டெங்கு என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து நோய் என்றே பலரும் நினைக்கிறோம். மழைக்குப் பிறகு அது கூடுவது உண்மை. ஆனால் வறட்சியிலும் அதற்கு வழி இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மேட்டுப் பகுதிகளில் கோடையில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வரும் நாளில் வீட்டில் இருக்கிற குடம், டிரம், சிமெண்ட் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். மாட்டுக்குத் தனியாக ஒரு தொட்டி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கேட்பது இதைத்தான்: வீட்டை ஒட்டி, நிழலில், அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீர். சாக்கடையில் பிறப்பது வேறு கொசு. அது க்யூலெக்ஸ். ராத்திரி காதுக்குள் பாடுவதும், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். ஏடிஸ் பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் சாயங்காலம் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். ஆகவே "எங்க தெருவுல சாக்கடையே இல்லைங்க, டெங்கு எப்படி வரும்?" என்று கேட்பதில் பொருளில்லை. சுத்தமான வீட்டில்தான் ஏடிஸுக்கு இடம் அதிகம்.

இந்தக் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. கண்ணுக்கு அது மிளகுத்தூள் சிதறியது போலத் தெரியும், பெரும்பாலும் தெரியவே தெரியாது. தண்ணீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. காய்ந்த நிலையில் பல மாதங்கள், சில நேரம் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். அடுத்த முறை நாம் தண்ணீர் நிரப்பும்போது பொரித்துக்கொள்ளும். புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க கோடைச் சூட்டில் ஏழெட்டு நாள் போதும்.

அதனால்தான் டிரம்மைக் கவிழ்த்து வைப்பது பாதி வேலை. தேங்காய் நார் வைத்து உள்சுவரை அழுத்தித் தேய்த்து, கழுவி, வெயிலில் காய விட்டு, பிறகு நிரப்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை போதும், ஏனென்றால் கொசு வளர ஒரு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ, உங்கள் வீட்டுக்கு வசதியான ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். நாள் மாறலாம், வாரம் தவறக் கூடாது.

தேய்க்க முடியாத பெரிய தொட்டி என்றால் மூடி வேண்டும். மூடி என்று ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் இடுக்கில் கொசு போய்வரும். பழைய பருத்தி வேட்டியை இழுத்துக் கட்டி, சுற்றிலும் கயிறு போட்டுவிட்டால் காசில்லாத நல்ல மூடி. கிணற்றிலும் பெரிய மாட்டுத் தொட்டியிலும் கம்பூசியா மீன் விடலாம், அது கொசுப்புழுவைத் தின்று வாழும். ஊராட்சியின் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் வந்து அபேட் கரைசல் ஊற்றும்போது "குடிக்கிற தண்ணில மருந்து ஊத்தாதீங்க" என்று தடுப்பவர்கள் உண்டு. குறிப்பிட்ட அளவில் அதைக் குடிநீர்த் தொட்டியில் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே ஏற்றிருக்கிறது. அளவு அவர்களுக்குத் தெரியும், விடுங்கள்.

இனி நாம் மறந்துபோகும் இடங்கள். கொல்லையில் போட்டு வைத்த பழைய ஆட்டுக்கல், உரல். மொட்டை மாடியில் ஓடு பறக்காமல் இருக்க வைத்த டயர். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு. கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கொட்டாங்குச்சி. வீடு கட்டுகிறவர்கள் சிமெண்ட் நனைக்கப் பிடித்து வைத்த தொட்டி. மிக்சி வந்த பிறகு எத்தனை வீட்டில் ஆட்டுக்கல் மழைத்தண்ணீரோடு கிடக்கிறது என்று ஒருமுறை தெருவில் நடந்து பார்த்தால் தெரியும். குழியில் மண்ணையோ மணலையோ போட்டு நிரப்பிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஏடிஸ் கொசு தூரம் பறக்காது. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும். உங்களைக் கடித்த பகல் கொசு உங்கள் வீட்டுக் கொசு, இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கொசு. பக்கத்து வீட்டாரிடம் போய்ச் சொல்வது சங்கடம்தான். "அத்தே, உங்க தொட்டியையும் சேர்த்துத் தேய்ச்சுடறேன்" என்று நாரோடு போனால் சண்டை வராது.

காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

தமிழகத்தில் 2012-ஆம் ஆண்டில் 12,000-க்கும் அதிகமானவர்களுக்கும், 2017-ஆம் ஆண்டில் 23,000-க்கும் அதிகமானவர்களுக்கும் டெங்கு பதிவானது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறப்புகளைக் குறைக்கக்கூடிய ஒரு விஷயம் வீட்டில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற சமயத்தில் வருகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாம்" என்று நாம் நிம்மதியாகும் நேரம் அது.

அந்த ஒன்றிரண்டு நாளில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், சிறுநீர் குறைவது, கை கால் சில்லிட்டுப் போவது, குழந்தை சோர்ந்து கிடப்பது அல்லது காரணமில்லாமல் நிலைகொள்ளாமல் இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். உடம்பு வலிக்கிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும். நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடிக்கலாம். குடித்துவிட்டோம் என்பதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் ஐந்து நாளுக்குள் என்றால் ஒரு பரிசோதனை, அதற்குப் பிறகு என்றால் வேறு பரிசோதனை. அதனால் காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சரியாகச் சொல்வது முக்கியம்.

வயல் பக்கத்துக் கொசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் வளரும் ஒரு வகைக் க்யூலெக்ஸ் கொசு, பன்றிகளிடமிருந்தும் நீர்ப்பறவைகளிடமிருந்தும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும். இந்தியாவில் அந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது 1950-களில், வேலூர்ப் பகுதியில். பாதிப்புள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்கு 9-ஆம் மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் தடுப்பூசி போடப்படுகிறது. உங்கள் குழந்தையின் அட்டையில் அது விடுபட்டிருக்கிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய் மேல் பத்து, சுவரில் நூறு

நாயுண்ணி நாயின் மேல் குடியிருப்பதாக நினைக்கிறோம். அது சாப்பிட மட்டும்தான் அங்கே வருகிறது. ரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவரேறி, வெடிப்பிலோ கதவு நிலை இடுக்கிலோ ஓட்டுச் சந்திலோ ஒளிந்துகொண்டு தோல் உரிக்கும். பிறகு மறுபடி நாயைத் தேடி வரும். இப்படி வாழ்க்கையில் மூன்று தடவை. கடைசியில் பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். கோடைச் சூட்டில் இந்தச் சுற்று முழுதும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடலாம். நாயைக் குளிப்பாட்டி உண்ணியைப் பொறுக்கிப் போட்டும் தீரவில்லை என்றால் காரணம் இதுதான். வீட்டையும் நாயையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். நாய் படுக்கும் இடத்தில் சுவர் வெடிப்புகளை சிமெண்டால் அடைப்பது, மருந்து அடிப்பதைவிட நீடித்த பலன் தரும். நாய்க்கு மாத்திரையா, கழுத்தில் விடும் சொட்டு மருந்தா என்பதைக் கால்நடை மருத்துவர் எடையைப் பார்த்துச் சொல்வார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அடித்து மிச்சமான பூச்சி மருந்தைத் தண்ணீரில் கலந்து மாட்டுக்கும் நாய்க்கும் தேய்க்கிற வழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். அது தோல் வழியாகவும், நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே போய் உயிரை எடுக்கும், தேய்த்துவிடுபவருக்கும் ஆபத்து. நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாட்டு உண்ணிக்கு மூலிகை வழி ஒன்று தமிழகக் கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைப்பது. பூண்டு பத்துப் பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, மாட்டின் மேலும் தொழுவத்து வெடிப்புகளிலும் தெளிக்க வேண்டும். உண்ணிச்செடி இலை தின்றால் மாட்டுக்கு ஆகாது. அரைத்த சக்கையை மாடு வாய் வைக்காத இடத்தில் கொட்டுங்கள். மாட்டுக்குக் காய்ச்சலோடு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது உண்ணி பரப்பும் நோயாக இருக்கலாம், கைமருந்து வேண்டாம். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

மனிதர் உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம். தொந்தரவு செய்தால் அது வயிற்றில் இருப்பதை நம் தோலுக்குள் கக்கும். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். குரங்குக் காய்ச்சல் என்று செய்திகளில் படித்துப் பயப்படுகிறவர்களுக்கு: அது 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைச் சேர்ந்த உண்ணி நோய். வீட்டு நாயுண்ணியால் வருவதில்லை.

பூட்டிய வீட்டில் காத்திருக்கும் தெள்ளு

இந்த மாவட்டங்களில் சிங்கப்பூர், வளைகுடா, சென்னை, திருப்பூர் என்று போய்விட்ட குடும்பங்களின் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். திண்ணையில் பூனை குட்டி போட்டுவிட்டு எப்போதோ போயிருக்கும். திருவிழாவுக்கு வந்து கதவைத் திறந்து நாலடி வைத்தவுடன் முழங்கால்வரை தெள்ளு ஏறும். "ஆளே இல்லாத வீட்ல இது எதைத் தின்னு உயிரோட இருந்துச்சு?" என்று கேட்பார்கள். தின்னவில்லை, தூங்கியது. தெள்ளின் கூட்டுப்புழு பட்டுக்கூட்டுக்குள் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். காலடி அதிர்வும், உடம்புச் சூடும், மூச்சுக்காற்றும் பட்டதும் அத்தனையும் ஒன்றாக வெளியே வரும். பூட்டிய வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் காலுறை போட்டு ஒருவர் மட்டும் போய்ப் பெருக்கி, குப்பையைக் கட்டி வெளியேற்றி, தரையைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். பாய், தலையணை, சாக்கு எல்லாம் வெயிலுக்கு. துணிகளைச் சுடுதண்ணீரில் அலசுங்கள். கூட்டுக்குள் இருப்பவற்றை மருந்துகூட எளிதில் தொடாது, ஆகவே பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை இதே வேலை செய்ய வேண்டும்.

எலித்தெள்ளு தனிக் கதை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் கோயில்கள் இருக்கின்றன, அந்த நோயைப் பார்த்த தலைமுறையின் பயம் அது. 1994-இல் சூரத் நகரம் பிளேக் பீதியில் காலியானதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இன்று அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் ஒரு பழக்கம் தேவை. மருந்து வைக்காமலேயே எலிகள் அங்கங்கே செத்துக் கிடந்தால், வெறுங்கையால் தொடாமல் சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். எலி செத்துக் குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டுவிட்டு அடுத்த சூடான உடம்பைத் தேடும்.

வெங்காயக் காட்டில் நாலாவது ஒன்று

செட்டிகுளம், ஆலத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயம்தான் உயிர். நடவு, களை, அறுவடை, காம்பு நறுக்குவது, பட்டறை போடுவது என்று எல்லாமே உட்கார்ந்தோ குனிந்தோ செய்கிற வேலை, பெரும்பாலும் பெண்கள் செய்வது. பக்கத்திலேயே மக்காச்சோளம். எலிக்கு இரண்டும் சேர்ந்தால் கொண்டாட்டம். வெயில் காலம் முடிந்து முதல் மழையில் வரப்பில் புல் எழும்போது அந்தப் புல்லிலும் எலி வளையைச் சுற்றிய மண்ணிலும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு வந்து உட்காரும். கால் மில்லிமீட்டர் அளவுகூட இருக்காது. சிகர் என்பார்கள். அது பரப்பும் நோய் ஸ்க்ரப் டைபஸ். நாளிதழ்கள் இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவதால், "எங்க வீட்ல நாய் இல்லையே, மாடும் இல்லையே" என்று மக்கள் அலட்சியமாகிவிடுகிறார்கள். நாய் உண்ணிக்கும் மாட்டு உண்ணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது வரப்பு நோய்.

தமிழகத்தில் ஆடி, ஆவணிக்குப் பிறகு இது கூடத் தொடங்கி மாசி வரை நீடிக்கும். 2024-இன் இறுதியில் பாதிப்பு கூடியபோது பொது சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்து, விவசாய வேலை செய்பவர்களையும் கர்ப்பிணிகளையும் குறிப்பாகக் கவனிக்கச் சொன்னது. உலகப் போர்க் காலத்தில் பர்மா காடுகளில் சண்டையிட்ட படைவீரர்களை வாட்டியதும் இதே நோய்தான். பெயர்தான் புதிது போலக் கேட்கிறது.

வழக்கமாக நடப்பது இது. களை எடுத்துவிட்டு வந்த ஒரு அக்காவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல். கடித்தபோது வலிக்கவில்லை, அதனால் கடித்ததே தெரியாது. தலைவலி, உடம்பு வலி. "வெயில்ல நின்னது" என்று மருந்துக்கடையில் மாத்திரை. மூன்று நாளில் கேட்கவில்லை என்றதும் ஒரு ஊசி. ஐந்தாம் நாள் இருமல், மூச்சு வாங்குகிறது. ஏழாம் நாள் பெரிய ஆஸ்பத்திரி. வழியில் கொடுக்கப்பட்ட மருந்து எதுவும் அந்தக் கிருமியைத் தொடவில்லை. காரணம், பென்சிலின், அமாக்சிசிலின் வகையும், நாம் அடிக்கடி போட்டுக்கொள்ளும் செஃபலோஸ்போரின் ஊசிகளும் ஸ்க்ரப் டைபஸ் கிருமியிடம் வேலை செய்யாது. வேலை செய்வது டாக்சிசைக்ளின். விலை குறைந்த பழைய மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கக்கூடியது. சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதிப்பு பரவி உயிர் போகும்.

முற்றிய நிலையில் வருபவர்களுக்கு என்ன செய்வது என்பதற்கும் நம் மாநிலத்திலிருந்துதான் விடை வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் ஏறக்குறைய 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு இந்த இரண்டு மருந்துகளையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருவதாக அது காட்டியது. மருந்து இருக்கிறது, கண்டுபிடிப்பதில்தான் சிக்கல்.

கண்டுபிடிக்க ஒரு தடயம் உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல வட்டமாகக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. எல்லாருக்கும் இருக்காது, இருந்தால் பாதி விடை கையில். ஆனால் அது இருக்கும் இடம்தான் தொல்லை. அந்தக் குஞ்சு காலில் ஏறி, துணி இறுக்கமாக இருக்கும் இடம்வரை ஊர்ந்துபோய் அங்கே நிற்கும். பாவாடை நாடா கட்டும் இடுப்பு, மார்புக்குக் கீழே, அக்குள், தொடை இடுக்கு, தொப்புள், ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றுக்கு அடியில், சில நேரம் காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள்.

மருத்துவர் கேட்பார், "உடம்புல எங்கயாவது கறுப்பா புண்ணு இருக்காம்மா?" "இல்லைங்க டாக்டர்." அவர் பொய் சொல்லவில்லை. வலிக்காத ஒன்றை, கண்ணாடியில் தெரியாத இடத்தில், அவர் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் செவிலியர் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், "அக்கா, நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்க, நான் மட்டும்தான் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பார்ப்பதில் ஓர் உயிர் தங்கியிருக்கலாம். செவிலியர் கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். "நான் காட்டுல களை எடுக்கிறவ, ஸ்க்ரப் டைபஸா இருக்குமான்னு பாருங்க" என்ற ஒரே வாக்கியம் போதும். மூன்று நாளுக்கு மேல் போகும் காய்ச்சலுக்கு டெங்குவோடு இந்தப் பரிசோதனையையும் செய்யச் சொல்லலாம்.

தடுப்புக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நம் பெண்கள் புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவது சோளச் சுணைக்கும் வெயிலுக்கும் மட்டுமில்லை, இதற்கும் நல்ல காப்பு. காலுக்கும் அப்படி ஒன்று வேண்டும், பழைய கால்சட்டையோ காலுறையோ. கொசு விரட்டும் களிம்பைக் கணுக்காலிலும் இடுப்புப் பட்டையிலும் தடவலாம். கூழ் குடிக்க உட்காரும்போது வெறும் புல்லில் உட்காராமல் ஒரு சாக்கை விரியுங்கள், குழந்தையை வரப்பில் படுக்கவைக்க வேண்டாம். கழற்றிய சட்டையைப் புதர் மேல் போடாதீர்கள். வீடு திரும்பியதும் சமையலுக்குப் போகுமுன் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியல், உடுத்திய துணி அன்றைக்கே சுடுதண்ணீரில். சிகர் ஒட்டிய இடத்தில் கிருமியை இறக்கச் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அன்று மாலையே தேய்த்துக் குளித்தால் முந்திக்கொள்ளலாம். பட்டறையைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, எலி வளைகளை அடைத்து வைத்தால் வெங்காயத்துக்கும் நல்லது.

கையில் இருக்கும் போனை வைத்து

முதலில் செய்யக் கூடாதது. கொசுவை ஒலியால் விரட்டுவதாகச் சொல்லும் செயலிகளை நம்பி இறக்க வேண்டாம். இத்தகைய ஒலிக் கருவிகளைப் பற்றிய பத்துக் கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வில், கொசுக்கடி குறைந்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. பூட்டிய அறையில் சுருள் கொளுத்துவதும் வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கைக்குழந்தைக்குக் கொசுவலைதான் சரி.

போனின் டார்ச் நன்றாக உதவும். தொட்டிக்குள் வெளிச்சம் அடித்து ஒரு நிமிடம் பாருங்கள். கொசுப்புழு இருந்தால் நெளிந்து நெளிந்து கீழே ஓடும். வாரம் ஒரு நாள் தொட்டி தேய்க்க அலாரம் வையுங்கள். மருத்துவரிடம் காட்டக் கூச்சமான இடத்தில் பொருக்கு இருந்தால் வீட்டுப் பெண் ஒருவரை விட்டு அந்த இடத்தை மட்டும் படமெடுத்துக் காட்டலாம். வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது என்னங்க?" என்று கேட்க வேண்டாம், காட்டிய பிறகு அழித்துவிடுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதி, சாப்பிட்ட மாத்திரையின் அட்டை, இரண்டையும் படமெடுத்து வைத்தால் ஆஸ்பத்திரியில் பாதி நேரம் மிச்சம்.

சந்தேகத்துக்கு 104, இரவிலும் பேசலாம். தெருவில் சாக்கடை அடைத்துக் கிடந்து, ஊராட்சியில் சொல்லியும் நடக்கவில்லை என்றால் 1100-க்குப் புகார் கொடுத்து, வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். அதோடு கிராம சபையிலும் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1 கூட்டம் கோடைத் தண்ணீரையும் மூடியில்லாத தொட்டிகளையும் பேச ஏற்ற நாள். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வரப்புப் புல்லையும் எலியையும் பேசலாம், சின்ன வெங்காயக் களை எடுப்பு முடிந்திருக்காது.